கட்டுரையை ஏன் நாளைக்குத் தள்ளுகிறோம்? படுவான்கரையிலிருந்து சில குறிப்புகள்

தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கான அறிவித்தல் பாடசாலைகளுக்கு வந்ததும் ஒவ்வொரு வருடமும் ஒரே கதைதான் நடக்கிறது. தமிழ் ஆசிரியர் வகுப்பில் தலைப்புகளைச் சொல்வார். "திங்கட்கிழமை எல்லாரும் கட்டுரையோட வரவேணும்" என்பார். திங்கட்கிழமை முப்பது பேர் உள்ள வகுப்பில் ஏழெட்டுக் கொப்பிகள் வரும். அவற்றிலும் பாதி வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து எழுதியவையாக இருக்கும். மிச்சப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பட்டம் 'சோம்பேறி'. வீட்டுக்குப் போனாலும் அதே பட்டம்தான் காத்திருக்கும்.

கடந்த சில மாதங்களாகச் சனிக்கிழமைகளில் படுவான்கரையில் உள்ள ஒரு கிராமத்து வாசிகசாலையில் தரம் 9 முதல் 11 வரையான பிள்ளைகளோடு இருந்து வருகிறேன். செய்தி ஒன்றுக்காகப் போன இடத்தில், "நீங்க எழுதுற ஆள்தானே, எங்கட பிள்ளையளுக்கும் கொஞ்சம் காட்டிக் குடுங்களன்" என்று வாசிகசாலையைப் பார்க்கும் அண்ணன் கேட்டதில் இது தொடங்கியது. அங்கே சோம்பேறி என்று சொல்லத்தக்க ஒரு பிள்ளையையும் நான் காணவில்லை. விடியமுதல் அப்பாவோடு தோணியில் போய் வலை எடுத்துவிட்டுப் பாடசாலைக்கு ஓடும் பையன் இருக்கிறான். தாய் குவைத்தில் இருக்க, தம்பி தங்கைகளுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளை இருக்கிறாள். இவர்கள் வேலைக்குப் பின்நிற்பவர்கள் அல்ல. கட்டுரைக்கு மட்டும்தான் பின்நிற்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பிள்ளை ஏன் சோம்பேறியாக இருக்கிறது என்பதல்ல. இந்த ஒரு வேலையில் அப்படி என்ன இருக்கிறது என்பதுதான்.

சோம்பலும் தள்ளிப்போடுவதும் வேறு வேறு என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. திருக்குறளின் 'மடியின்மை' அதிகாரத்தில், 605ஆவது குறளில், காலம் நீட்டிப்பதை 'நெடுநீர்' என்றும் சோம்பலை 'மடி' என்றும் வள்ளுவர் பிரித்தே எண்ணுகிறார். இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டு சொல் தேவைப்பட்டிருக்காது. (இரண்டையும் ஒரே கலத்தில் ஏற்றி அனுப்புகிறார் என்பது வேறு விடயம்.) வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது லேசு. சோம்பலாக இருப்பவர் நிம்மதியாக இருப்பார். தள்ளிப்போடுகிறவருக்கு நிம்மதி இல்லை. விளையாடும்போதும் கட்டுரை நினைவில் நிற்கும். ரிக்ரொக் பார்க்கும்போதும் வயிற்றுக்குள் ஏதோ பிசையும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு அழுகை வரும்.

மனம் தப்பி ஓடுவது எதிலிருந்து?

கனடாவின் கார்ள்ட்டன் பல்கலைக்கழகத்தில் பல வருடங்களாகத் தள்ளிப்போடும் பழக்கத்தை ஆராய்ந்தவர் திமோத்தி பிச்சில். அவரும் ஃபூஷியா சிரோய்ஸ் என்ற ஆய்வாளரும் 2013இல் எழுதிய கட்டுரை ஒன்றின் சாரம் இதுதான்: தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாத பிரச்சினை அல்ல, உணர்வைக் கையாளும் பிரச்சினை. ஒரு வேலையை நினைத்ததும் பயமோ, சலிப்போ, வெட்கமோ, துக்கமோ வருகிறது. வேலையைத் தள்ளிவைத்ததும் அந்த உணர்வு உடனே குறைகிறது. அந்தச் சின்ன ஆறுதல்தான் கூலி. கூலி கிடைத்த செயலை மனம் திரும்பவும் செய்யும். இப்படியே ஒரு பழக்கம் உருவாகிறது. செலவை மட்டும் நாளைய நாம் கட்டுகிறோம்.

நேர அட்டவணை போட்டுக் கொடுத்தும் பிள்ளை எழுதாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அட்டவணை பயத்தைக் குறைப்பதில்லை.

கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர்ஸ் ஸ்ரீல், அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2007இல் ஒரு பெரிய மீளாய்வை வெளியிட்டார். வேலை எவ்வளவு வெறுப்பூட்டுகிறது, அதன் முடிவுநாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எவ்வளவு குறைவாக இருக்கிறது, மனம் எவ்வளவு லேசாக வேறு பக்கம் இழுபடுகிறது என்பவையே தள்ளிப்போடுவதோடு கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தன. எல்லாவற்றையும் பூரணமாகச் செய்ய நினைப்பதால்தான் தள்ளிப்போடுகிறோம் என்று நம்மில் பலர் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வோமே, அதற்கு அந்த மீளாய்வில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்த அளவுகோலை எங்கள் பிள்ளைகளின் கொப்பிக்குக் கொண்டுவந்து பார்த்தால் முதலில் தெரிவது மொழிப் பயம். வாசிகசாலையில் ஒரு பிள்ளை பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாயில் இருப்பது 'எண்டு', 'ஒண்டு', 'கிடக்கு', 'வருகுதில்ல'. தாளில் வரவேண்டியது 'என்று', 'ஒன்று', 'கிடக்கிறது', 'வரவில்லை'. அதற்கு மேல் வழிகாட்டிப் புத்தகத்தின் 'இயற்கை அன்னை', 'எழில் கொஞ்சும்', 'கண்கொள்ளாக் காட்சி' எல்லாம் வரவேண்டும். முதல் வரியை எழுதுமுன்னரே அந்தப் பிள்ளை ஒரு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறது. அதுவும் சிவப்புப் பேனைக்குப் பயந்துகொண்டு. முந்தின கட்டுரை திரும்பி வந்தபோது சந்திப் பிழைகளுக்குப் போட்ட வட்டங்கள் மட்டும்தான் அதன் நினைவில் இருக்கின்றன. என்ன சொன்னாய் என்று யாரும் கேட்டதில்லை.

வழிகாட்டிப் புத்தகங்களைக் குறை சொல்வது லேசு. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கே கஷ்டப்படும் வீட்டில் பெற்றோர் காசு கொடுத்து அதை வாங்குவது பிள்ளை சித்தியடைய வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் அந்தப் புத்தகம் பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: உன் ஊர், உன் வீடு, உன் பேச்சு கட்டுரைக்கு உதவாது. அப்படி நம்பிய பிள்ளை எங்கிருந்து தொடங்கும்?

'எனது கிராமம்'

வாசிகசாலைக்கு வரும் தரம் 10 பிள்ளை ஒருத்திக்கு 'எனது கிராமம்' என்ற தலைப்பு கொடுக்கப்பட்டிருந்தது. தலைப்புகளிலேயே லேசானது என்று எல்லோரும் நினைப்பது இதைத்தான். மூன்று சனிக்கிழமைகள் அவள் தொடங்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் செய்தாள். கொப்பிக்கு உறை போட்டாள், கோடு கீறினாள், மற்றவர்களுக்கு எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தாள்.

"என்ன தங்கச்சி, எங்க நிண்டு போச்சு?"

"ஒண்டும் வருகுதில்ல அக்கா. பிறகு எழுதுறன்."

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "எங்கட ஊரில இருக்கிறது வயலும் குளமும் கோயிலும் அந்தத் தூபியும்தான். தூபிய எழுதினா டீச்சர் என்ன சொல்லுவா எண்டு தெரியல்ல. எழுதாம விட்டா, அம்மம்மா வாசிச்சா என்ன நினைப்பா?"

அவளுடைய ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன். கொக்கட்டிச்சோலையைச் சுற்றியுள்ள பகுதி என்றால் எங்கள் வாசகர்களுக்கு விளங்கும். 1987 ஜனவரியில் இறால் பண்ணையை ஒட்டியும், 1991 ஜூன் 12ஆம் திகதி மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலைப் பகுதியிலும் மக்கள் கொல்லப்பட்ட மண் அது. 1991 சம்பவத்தை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. அந்த வருடங்களில் இந்தப் பிள்ளையின் தாயே சின்னப் பிள்ளை. பின்னர் 2007இன் தொடக்க மாதங்களில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தபோது, படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்து முகாம்களில் இருந்தது. இவள் அதற்கும் பிறகு பிறந்தவள். யுத்தத்தைக் காணாதவள். ஆனால் அம்மம்மா ஜூன் மாதத்தில் ஏன் அந்தச் சந்திப் பக்கம் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை யாரும் அவளுக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவளுடைய பயம் கற்பனையும் அல்ல. நினைவேந்தலுக்குப் போனவர்களின் பெயரைப் பொலிஸார் எழுதிச் செல்லும் ஊர்கள் எங்களுடையவை. 2023 நவம்பரில் மாவீரர் நாளை ஒட்டி மட்டக்களப்பில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுகள் நடந்தன. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று பெரியவர்களுக்கே தெரியாத இடத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை 'பிறகு எழுதுறன்' என்று சொல்வதை நான் சோம்பல் என்று எழுத மாட்டேன். அவளிடம் இரண்டு வழிகள் இருந்தன, இரண்டும் வலித்தன. மூன்றாவது வழியாக அவள் தேர்ந்தெடுத்தது கொப்பிக்கு உறை போடுவதை.

எல்லாப் பிள்ளைகளையும் 'யுத்தத்தால் மனம் பாதிக்கப்பட்டவர்கள்' என்று ஒரே சாக்குக்குள் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் ஒரு தகவலைச் சொல்ல வேண்டும். வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு, கடும் அதிர்ச்சிக்குப் பின்னான மனவடு நோய்க்குரிய அறிகுறிகள் இருந்தன. நினைவாற்றலிலும் அன்றாடச் செயற்பாட்டிலும் அதன் தாக்கம் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று பெற்றோராகவும் சிலர் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். கட்டுரை எழுதாத பிள்ளையைப் பார்த்துக் கத்தும் அப்பா, தன் காலத்தில் ஏன் எழுத முடியாமல் போனது என்று யாரும் தன்னைக் கேட்காதவராக இருக்கலாம்.

பக்கத்தால் நுழைவது

மட்டக்களப்புக்கு இதில் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. 1996இல், யுத்தம் கடுமையாக நடந்துகொண்டிருந்தபோது, இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இன்னும் சிலரும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சுற்றுக் கிராமங்களில் இருந்து பஸ்ஸில் ஒன்றாக வந்தார்கள். 'உனக்கு என்ன நடந்தது, சொல்லு' என்று அங்கே தொடங்கவில்லை. களிமண், நிறம், பாட்டு, நாடகம், மிருகங்கள் என்று தொடங்கினார்கள். கதை வர விரும்பினால் அதன் வழியாக வரும். வராவிட்டால் அன்றைக்குக் களிமண் யானையோடு வீட்டுக்குப் போகலாம்.

கட்டுரைக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். நேர் வாசல் பூட்டியிருந்தால் பக்கத்தால் நுழையலாம்.

அந்தப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளுடைய தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்கிறா. ஒவ்வொரு இரவும் வாட்ஸ்அப்பில் தாய்க்குக் குரல் செய்தி அனுப்புவாள். நாலு நிமிடம், ஐந்து நிமிடம், மூச்சு விடாமல். கோழி முட்டையிட்டது முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாம் அதில் இருக்கும். "இண்டைக்கு இரவைக்கு அம்மாவுக்கு உங்கட ஊரைப் பற்றிச் சொல்லன். அவ மறந்துபோயிருப்பா எண்டு நினைச்சுச் சொல்லு" என்றேன். அடுத்த சனி வந்து ஃபோனைக் காட்டினாள். ஆறு நிமிடப் பதிவு. நடுவில் அம்மம்மாவின் குரலும் கேட்டது. பேத்தி பிழையாகச் சொன்ன ஒன்றைத் திருத்துவதற்காக உள்ளே வந்தவ பிறகு போகவே இல்லை.

அதைக் கேட்டுக் கேட்டு, பேச்சுத்தமிழிலேயே, பிழை பார்க்காமல் எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. தொடக்கம் 'இயற்கை எழில்' இல்லை. பாலம் வருவதற்கு முதல் அம்மம்மா பாதையில் ஏறித்தான் மறுகரைக்குப் போவா என்று தொடங்கியது. வெளியூர் வாசகர்களுக்கு: வாவியைக் கடக்கும் இழுவைப் படகை இங்கே 'பாதை' என்போம். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. தூபி மூன்றாவது பந்தியில் இரண்டே வசனத்தில் வந்தது. பிறகு இன்னொரு நாள் இருந்து 'எண்டு'களை 'என்று' ஆக்கினாள். அந்த வேலை அவளுக்கு அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றதுதான் மூன்று கிழமைகளைத் தின்றிருக்கிறது.

கட்டுரையைக் கொடுத்தாள். ஆசிரியை எதையும் வெட்டவில்லை, எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தியிருந்தார். அம்மம்மாவுக்கு அவள் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.

முகத்துவாரம் வெட்டுவது போல

மாரியில் வாவி நிரம்பி வயல்களும் தாழ்ந்த ஊர்களும் வெள்ளத்தில் நிற்கும்போது முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். முதலில் வெட்டுவது ஒடுங்கிய வாய்க்கால்தான். தண்ணீர் அதற்குள் இறங்கியதும் அதுவே இரண்டு பக்கமும் மணலை அரித்து வாயை அகலமாக்கிக்கொண்டு கடலுக்குப் போகும். முழுத் திட்டையும் யாரும் கையால் அள்ளுவதில்லை.

'ஐந்து நிமிடம் மட்டும் எழுது, பிறகு விரும்பினால் நிறுத்து' என்று சொல்வது அந்த ஒடுங்கிய வாய்க்கால். இதில் ஏமாற்று இருக்கக்கூடாது. ஐந்து நிமிடம் முடிந்து பிள்ளை எழும்பிப் போனால் விட வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று பிடித்து வைத்தால் அடுத்த நாள் ஐந்து நிமிடத்துக்கும் வராது. பெரும்பாலும் எழும்புவதில்லை. வெறுப்பு தொடங்குமுன்தான் அதிகம், தொடங்கிய பிறகு அது கரைந்துவிடுகிறது. ஒன்று மட்டும்: வாவியில் தண்ணீர் இல்லாத காலத்தில் முகத்துவாரத்தை வெட்டிப் பயனில்லை. 'செயற்கை நுண்ணறிவின் நன்மை தீமைகள்' என்ற தலைப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத பிள்ளையை ஐந்து நிமிடம் எழுதச் சொன்னால் அந்த ஐந்து நிமிடமும் வெறுமையாகத்தான் போகும். அந்தப் பிள்ளைக்குத் தேவை வாசிக்க ஏதாவது, அல்லது கதைக்க யாராவது.

எப்போது தொடங்குவது என்பதற்கு ஆய்வுகளில் நல்ல பதில் ஒன்று உண்டு. ஜேர்மனிய உளவியலாளர் பீற்றர் கொல்விற்சரும் அவருடைய சக ஆய்வாளரும் 1997இல் வெளியிட்ட பரிசோதனை கிட்டத்தட்ட ஒரு பாடசாலைக் கட்டுரை பற்றியதுதான். நத்தார் முந்தின நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். பாதிப் பேரிடம் மட்டும், எத்தனை மணிக்கு, எங்கே இருந்து எழுதப்போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் நேரத்துக்கு எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் எழுதினார்கள். எழுத வேண்டும் என்ற விருப்பம் இரு பக்கமும் இருந்தது. நேரமும் இடமும்தான் வித்தியாசம்.

எங்கள் வீடுகளில் மணிக்கூட்டு நேரத்தைவிட ஒரு வேலையோடு முடிந்துவைப்பது நல்லது, ஏனென்றால் மணிக்கூட்டை யாரும் மதிப்பதில்லை. 'சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்ததும், குசினி வாசல்படியில் இருந்து, அம்மாவுக்கு முதல் மூன்று வரி' என்பது ஒரு திட்டம். 'நாளைக்குப் பின்னேரம் எழுதுவேன்' என்பது திட்டம் இல்லை. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் இடம் கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். ஒரு பையன் இழுத்து வைத்த தோணிக்குள் இருந்துதான் எழுதுகிறான். அங்கே யாரும் எட்டிப் பார்த்து 'என்ன எழுதுறாய்' என்று கேட்பதில்லையாம்.

முதல் வரியில் மாட்டிக்கொண்டால் அதை விட்டுவிட்டு இரண்டாம் பந்தியில் தொடங்கலாம். ஊடகக் கற்கைகள் படித்தபோது எங்களுக்குச் செய்தியின் முதற்பந்தியே உயிர் என்று சொல்லித் தந்தார்கள். வேலைக்கு வந்து பார்த்தால், அந்த உயிர்ப் பந்தியைக் கடைசியாக எழுதும் செய்தியாளர்களே அதிகம். முன்னுரையை முதலில் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பரீட்சை மண்டபத்தில்கூட மேலே நான்கு வரி இடம் விட்டுவிட்டுத் தொடங்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். 2002இல் டான் ஏரியலியும் கிளவுஸ் வெர்ட்டன்புறோக்கும் வெளியிட்ட ஆய்வில், மூன்று எழுத்துவேலைகளுக்கும் இடைவெளி விட்டுத் தனித்தனி முடிவுநாள் கொடுக்கப்பட்ட மாணவர்கள், நாட்களைத் தாங்களே தெரிவு செய்தவர்களைவிடக் கூடிய புள்ளி பெற்றார்கள். 'அடுத்த திங்கள் கட்டுரை' என்பதைவிட 'புதன் ஐந்து குறிப்பு, வெள்ளி ஒரு பந்தி, திங்கள் மிச்சம்' என்று கேட்பது பலன் தரும். வெள்ளிக்கிழமைப் பந்தியில் பிழை பார்க்கவும் வேண்டாம். அதோடு, 'எனது கிராமம்', 'மறக்க முடியாத நாள்', 'எனது தந்தை' போன்ற தலைப்புகளைக் கொடுக்கும்போது இன்னொரு தலைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். தந்தை இல்லாத, அல்லது இருந்தும் இல்லாத பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் எத்தனை பேர் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வலிக்கும் விடயத்தை எழுதவும் உரிமை உண்டு, எழுதாமல் விடவும் உரிமை உண்டு என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அதைக் கேட்கப் பயப்படுகிறார்கள்.

தாமதம் எல்லாமே தள்ளிப்போடுவதும் அல்ல. காரைதீவில் பிறந்து கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் உருவாக்கிய விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' 1947இல், அவர் மறைவதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் அரங்கேறியது. அதற்குப் பின்னால் பத்து வருடத்துக்கும் மேற்பட்ட தேடல் இருந்தது. அந்த வருடங்களில் அவர் அந்த வேலையை விட்டு ஓடவில்லை, அதன் பக்கத்திலேயே இருந்தார். பிள்ளை ஒன்றும் எழுதாமல் யோசித்துக்கொண்டு இருந்தால் இது எந்த வகை என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: 'என்ன யோசிச்சாய்?' பதில் வந்தால் வேலை நடக்கிறது.

ஏற்கெனவே மூன்று கிழமை தள்ளிப்போட்டாயிற்று, இனி என்ன என்று நினைக்கும் பிள்ளைக்கு இன்னொரு தகவல். கார்ள்ட்டனில் முதலாம் வருட மாணவர்களிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதற் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்டவர்கள் இரண்டாவது பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தங்களைத் திட்டிக்கொண்டே இருந்தவர்களுக்கு அந்த மாற்றம் வரவில்லை. திட்டு வேலையை இன்னும் வெறுப்பாக்குகிறது, வெறுப்பு இன்னும் தள்ளிப்போட வைக்கிறது. அம்மா அப்பா திட்டினாலும் கணக்கு இதுதான்.

இதைப் படிக்கும் பெரியவர்கள் சிலரிடமும் எழுதாத தாள் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றி அலுவலகம் ஒன்றுக்குக் கொடுக்க வேண்டிய கடிதம். காணி பற்றிய முறைப்பாடு. 'திகதி, இடம், கடைசியாக யார் கண்டது' என்ற மூன்று கேள்விகளுக்கு மேல் பேனை போகாத தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கும் குரல்பதிவு உதவுகிறது. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி ஃபோனில் பதிந்துவிட்டு, எழுதும் வேலையை இன்னொரு நாளுக்கு வைக்கலாம். ஒரே இருப்பில் இரண்டையும் செய்ய வேண்டியதில்லை.

கட்டுரை மட்டுமல்ல, எந்தப் பாடமும் கிழமைக்கணக்கில் ஓடவில்லை, நித்திரை இல்லை, சாப்பாட்டில் விருப்பம் இல்லை, சிநேகிதரோடும் சேர்வதில்லை என்றால் அது இந்தக் கட்டுரையில் சொன்ன தள்ளிப்போடல் அல்ல. பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் முதலில் கதைக்கலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். சிறுவர்களுக்கான உதவி இலக்கம் 1929.